தொழிலே பள்ளியாகும் வழி



சாரல் காலத்தில் குற்றாலத்தை நாடி ஊரெல்லாம் வருகிறது. நம் பிள்ளைகளோ படிப்பு முடிந்ததும் வேலை நாடி வெளியூர் செல்கின்றனர். இந்த வழக்கத்திற்கு மாற்றான முயற்சி ஒன்று தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் நம் கண்முன்னே நடைபெறுகிறது.

ஸோஹோ நிறுவனம் 2005ஆம் ஆண்டில் 6 மாணவர்களைக் கொண்டு சென்னையில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிற்று. அப்பள்ளி இன்று தென்காசியிலும் இயங்குகிறது. மேல்நிலைக் கல்வியோ பட்டயப் படிப்போ முடித்தவர்கள் சேரலாம். பயிற்சிக் காலம் 2 ஆண்டுகள். கட்டணம் இல்லை, மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. முதலில் வகுப்பறை, பின்னர் நிறுவனத்தின் பணிக்குழுக்களிலேயே பயிற்சி. கற்றது பயன்படுகிறதா என்பதை மாணவர் அங்கேயே அறிந்துகொள்கிறார்.

பெற்றோர் ஒன்றை மறத்தலாகாது. இப்பயிற்சி பல்கலைக்கழகப் பட்டம் தருவதன்று. பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் அரசுத் தேர்வுகளை நாடும் பிள்ளை, தொலைநிலைக் கல்வி வழியாகவேனும் பட்டம் பெறுதல் வேண்டும். பிள்ளையின் நாட்டம் எதுவென்று கேட்டறிந்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

வணிகப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் இன்றுள்ள விதிகளின்படி, 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்த்தல் கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ளவை விரும்பினால் சேர்க்கலாம். ஆகவே, நடுத்தரக் கடைகளுக்கும் இவ்வாய்ப்பு உண்டு. எழுத்து வடிவ ஒப்பந்தமும் மாத உதவித்தொகையும் சட்டம் வகுத்த கடமைகள்.

கடை கூட்டவும் தேநீர் வாங்கி வரவும் மட்டும் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, அதற்குப் பயிற்சி என்று பெயரிடுதல் அறமன்று. கொள்முதல், இருப்பு, கணக்கேடு, ஜிஎஸ்டி ஆகியவற்றை முறையாகக் கற்றுக்கொடுங்கள். யார் கற்பிப்பார், எத்தனை மாதம், முடிவில் என்ன சான்று என்ற மூன்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இளைஞர்களே, இம்மூன்றையும் தயங்காமல் கேளுங்கள்.

பொருள் கொடுத்தல் தானம்; தொழில் கற்பித்தலும் தானமே. இவ்விழாவிற்கு வந்துள்ள வணிகர் ஒவ்வொருவரும் இவ்வாண்டு ஓர் இளைஞருக்கேனும் தம் கடையில் இடமளித்தால், அத்தனை குடும்பங்களில் விளக்கேறும்.