சென்னை ட்ராமின் முதல் பத்தாண்டு



1895 மே 7ஆம் நாள் சென்னையில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதலாவது. லண்டன் வீதிகளில் அப்போதும் குதிரைகள்தாம் ட்ராம்களை இழுத்துக்கொண்டிருந்தன. இந்தப் பெருமையைச் சொன்னதும் பலருடைய வரலாறு முடிந்துவிடுகிறது. என் கருத்தில், சென்னை ட்ராமின் வரலாற்றை அடுத்து வந்த மாரிகாலத்திலிருந்துதான் எழுத வேண்டும். இரணைமடுக் குளத்து நீரில் பயிர் செய்யும் உருத்திரபுரத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளத்தின் கதையைத் திறப்புக் கல்லில் படிப்பதைவிட, கடைசி வயலுக்குத் தண்ணீர் போனதா என்று கேட்பதே முறை.

சென்னையில் முதலில் மின்கம்பி தலைக்கு மேலே போகவில்லை. தண்டவாளங்களுக்கு இடையே வீதியைத் தோண்டி, அந்தக் குழிவாய்க்காலுக்குள் மின்கடத்தியைப் பதித்தார்கள். வடகீழ்ப் பருவமழை கொட்டி வீதியில் வெள்ளம் நின்றால் அந்த வாய்க்கால் என்னவாகும்? மழை அதைச் சீர்குலைத்தது. பிறகு மேற்கம்பிக்கு மாற வேண்டியதாயிற்று. பழைய நிறுவனமும் நிலைக்கவில்லை. பின்னர் ட்ராமை நடத்திய நிறுவனம் தன் பெயரிலேயே 1904 என்ற ஆண்டைச் சுமந்து நின்றது. முதல் பத்தாண்டு எப்படிப் போயிற்று என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று வேண்டியதில்லை.

புதிய தொழில்நுட்பத்தில் தவறுவது இயல்பு, அதைக் குற்றமாக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கிலாந்தின் பிளாக்பூல் கடற்கரையில் 1885 முதலே இதே முறை இருந்தது. கடல்நீரும் மணலும் அங்கே அதைப் படுத்திய பாடு அறியப்படாத ஒன்றல்ல. 1899இல் அந்த நகரமே மேற்கம்பிக்கு மாறியது. ஆகவே அனுபவம் இல்லாமற் போகவில்லை. சென்னையின் மழை கணக்கில் சேரவில்லை.

சென்னைக்கு முன்பே கல்கத்தாவில் ட்ராம் தோற்றது, அதில் மின்சாரமே இல்லையே என்பது இன்னொரு மறுப்பு. 1873 பெப்ரவரி 24ஆம் நாள் சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் படித்துறைக்குக் குதிரை ட்ராம் விட்டார்கள். போதிய பயணிகள் ஏறவில்லை. நவம்பர் 20ஆம் நாள் நிறுத்திவிட்டார்கள். 1880இல்தான் புதிய நிறுவனம் பிறந்தது. இந்த உதாரணம் என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. அங்கே நகரத்தவரின் நடமாட்டம், சென்னையில் வானம்; இரண்டிலும் தண்டவாளம் முந்திக்கொண்டது, ஊரைப் பற்றிய அறிவு பிந்தி வந்தது.

திறப்போடு முடியும் வரலாற்றில் தொழிலாளரும் விடுபடுகிறார்கள். நம் நாட்டில் கொழும்பு ட்ராம் 1899இல் தொடங்கியது. பூஸ்டெட் நிறுவனத்தின் கையில் அது இருந்தபோது, 1929இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பொலிஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தது. அந்த ஆண்டிலேயே முதலாளிமார் சம்மேளனம் அவருடைய தொழிற்சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. ட்ராம் வரலாற்றில் இதை ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். ஓட்டுநரும் நடத்துநரும் இல்லாமல் எந்த முதல் ஓட்டமும் நடந்ததில்லை.

திறப்புவிழாச் செய்திகளோடு நிறுத்திக்கொள்ளாமல், பழுதுபார்ப்புச் செலவு, கட்டணம், சம்பளம் ஆகியவற்றின் பதிவுகளையும் இளம் ஆய்வாளர்கள் தேடிப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இக்கருத்தரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.