இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் எக்ஸ்-ரேயை விட்டுடாதீங்க



"ஆபரேஷன் முடிஞ்சு பத்து வருஷம் ஆச்சு, வலியே இல்லை, அப்புறம் எதுக்கு டாக்டர் எக்ஸ்-ரே?" என்று நிறையப் பேர் கேட்கிறீங்க. வலி இல்லாததுதான் இதில் ஆபத்து.

செயற்கை இடுப்பு மூட்டில் பெரும்பாலும் ஒரு பந்து பாலிஎதிலீன் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. நடக்க நடக்கக் கிண்ணம் தேயும். அந்த நுண்ணிய தூளை நம் உடம்பின் செல்கள் விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. அப்போது அவை வெளியிடும் ரசாயனங்கள், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடும். கரையான் அரித்த நிலைக்கதவு மாதிரி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே எலும்பு காலியாகும். இப்போதைய கிராஸ்லிங்க் பிளாஸ்டிக்கில் தேய்மானம் வெகுவாகக் குறைவு. பழைய மூட்டு வைத்திருப்பவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்கணும்.

அந்தக் குழியை எதைக் கொண்டு அடைப்பது? உங்கள் சொந்த எலும்பு நல்லது; ஆனால் எடுக்கக்கூடிய அளவு கொஞ்சம், எடுத்த இடமும் வலிக்கும். தானமாகப் பெறும் எலும்புக்கு எலும்பு வங்கியும் கிருமிப் பரிசோதனையும் வேண்டும். மூன்றாவது, செயற்கை எலும்பு. ஹைட்ராக்ஸிஅபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட் என்று பேர் கேட்டுப் பயப்படாதீங்க. நம் எலும்பில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும்தான். குருணை மாதிரி, துளைகளோடு இருக்கும். துளைகளுக்குள் ரத்தக்குழாய் நுழைந்து, புது எலும்பு வளரும். டிரைகால்சியம் பாஸ்பேட் சீக்கிரம் கரைந்து இடம் விடும், மற்றது பல வருஷம் நிற்கும். அதனால் இரண்டையும் கலந்து வைப்பதுண்டு. தானமாக வந்த எலும்புத் துண்டுகளோடு சேர்த்து இடித்து அடைப்பதும் உண்டு.

ஆனால் குருணை தனியாக உங்கள் எடையைத் தாங்காது. சுற்றிலும் எலும்புச் சுவர் இருக்கணும். சுவரே போய்விட்டால் உலோகக் கூண்டு, பெரிய ஆபரேஷன். கிருமித் தொற்று இருந்தால் முதலில் அதைத்தான் ஒழிக்கணும். சீக்கிரமே கண்டுபிடித்து, வெளிக்கிண்ணமும் உறுதியாக இருந்தால், தேய்ந்த பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றிக் குழியை அடைத்துவிடவும் வழி உண்டு.

அதற்கு உங்க மூட்டின் கம்பெனியும் அளவும் டாக்டருக்குத் தெரியணும். பொருந்தும் பிளாஸ்டிக் எதுவென்று தெரியாவிட்டால், நல்லா இருக்கும் கிண்ணத்தையும் கழற்ற வேண்டி வரலாம். ஆபரேஷன் குறிப்பில் ஒட்டிய ஸ்டிக்கரையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் இன்றைக்கே போனில் படம் எடுத்து, டிஜிலாக்கரில் ஏற்றி வைங்க. காகிதம் தொலைந்திருந்தால், ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு பிரிவில் உள்நோயாளி எண்ணைச் சொல்லிக் கேளுங்க. தொடையிலோ தொடை இடுக்கிலோ புதிதாக வலி வந்தால், அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் உடனே வாங்க.