பொன்னும் தூசியும்
(வேப்பம்பட்டில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் முன்னிலையில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சுரங்கத் தொழில் பற்றிய ஆராய்ச்சி. பயிருக்கும் கறவை மாட்டுக்கும் கடன் கொடுக்கும் சங்கத்தில் சுரங்கத்துக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் கருதக்கூடும். அதற்கு விடையை நம் ஊர் இருப்புப்பாதையே சொல்லும். அப்பாதையில் மேற்கே சென்று, ஜோலார்பேட்டையைத் தாண்டிப் பங்காருப்பேட்டையை அடைந்தால், அங்கிருந்து கோலார் தங்கவயலுக்குக் கிளைப்பாதை பிரிகிறது. நிலமின்றியும் பஞ்சத்தால் நலிந்தும் வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து ஏராளமான தமிழ் மக்கள் அவ்வழியே பிழைப்புத் தேடிப் போனார்கள். அதே பாதையில் கிழக்கே சென்றால் ஆவடியும் அம்பத்தூரும் வருகின்றன. நம் பிள்ளைகள் தினந்தோறும் வேலைக்குச் செல்வது அப்பக்கந்தான். மேற்கே சென்றவர்கள் கண்ட அனுபவம் கிழக்கே செல்லுகிறவர்களுக்கு அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

கோலாரில் 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்க வேலையை நடத்தினர். 1902-இல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே மின்சாரம் அங்கே கொண்டுவரப்பட்டது. சுரங்கம் படிப்படியாக மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. 1956-இல் அது சர்க்கார் வசமாகி, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்பட்டது.

பொன் அங்கே கட்டியாகக் கிடைக்கவில்லை. குவார்ட்ஸ் என்னும் கடினமான கல்லினுள்ளே, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் கலந்து கிடந்தது. ஒரு டன் கல்லை உடைத்தாலும் கிடைப்பது மிகச் சொற்பமே. கல்லைப் பொடியாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின்மேல் நீரோடு ஓடவிட்டால் பொன் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மிக நுண்ணிய பொன் தப்பிப்போகும். 1887-இல் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் மக்ஆர்தர் என்பவரும் பாரஸ்ட் சகோதரர்களும் ஒரு முறையைக் கண்டனர். மிகக் குறைந்த அளவு சயனைடு கலந்த நீரில், காற்றும் சேர்ந்தால், உப்பு தண்ணீரில் கரைவதுபோல் பொன் கரைந்துவிடும். பிறகு துத்தநாகத்தைக் கொண்டு அதைப் பிரித்தெடுக்கலாம். இம்முறையால், கழிவென்று கொட்டிய மண்ணிலிருந்துகூடப் பொன் கிடைத்தது. பொன் எடுத்தபின் எஞ்சிய பொடி மலைபோல் குவிந்து, சயனைடு மேடு என்ற பெயரோடு இன்றும் அவ்வூரில் நிற்கிறது. காற்றுக் காலத்தில் அதன் தூசி வீடுகளில் வந்து படிகிறது.

கல்லைத் துளைப்பதிலும் மாறுதல் உண்டாயிற்று. முன்பு சம்மட்டியாலும் உளியாலும் மெதுவாகத் துளைத்தார்கள். பின்னர் அழுத்திய காற்றினால் இயங்கும் துளைக்கருவி வந்தது. வேலை பன்மடங்கு விரைந்தது. தூசியும் பன்மடங்கு பெருகியது. மில்லிமீட்டரை இருநூறு கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அதனினும் சிறிய துகளே பெரிய சத்துரு. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளிப்படும். கண்ணுக்குத் தெரியாத தூசியோ நுரையீரலின் கடைசி அறை வரை சென்று தங்கி, அங்கே தழும்பை உண்டாக்கும். தழும்பு பட்ட நுரையீரல் விரியாது. இதற்கே சிலிகோசிஸ் என்று பெயர். இதனைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. இந்நோய் உள்ளவரை க்ஷயரோகமும் எளிதில் பற்றும்.

இந்த உண்மை உலகத்துக்கு எப்படித் தெரிந்தது? கணக்கெடுத்ததனால் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் ராண்ட் என்னும் தங்கச் சுரங்கப் பகுதியில் 1899-இல் யுத்தம் மூண்டு வேலை நின்றது. யுத்தம் முடியுந் தறுவாயில், முன்பு துளைக்கருவியில் வேலை செய்த 1,377 பேரைப் பற்றி விசாரித்தபோது, இடையில் 225 பேர் மாண்டுபோனது தெரியவந்தது. அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவர். பெயர்ப் பட்டியல் இல்லாதிருந்தால் அந்த மரணங்கள் ஊர் ஊராகச் சிதறி, விதி என்றே முடிந்திருக்கும்.

அதன் பின்னரே பரிகாரம் தேடும் ஆராய்ச்சி வலுப்பெற்றது. அமெரிக்காவில் லெய்னர் என்பவர் உள்ளே துளையுள்ள உளியின் வழியே தண்ணீரைச் செலுத்தும் கருவியை அமைத்திருந்தார். தூசி எழும் இடத்திலேயே சேறாகிவிடும். ராண்டில் கோட்சே என்ற சுரங்க அதிகாரி, 1916-ஆம் ஆண்டு வாக்கில், ஓர் அளவு காற்றைப் பசையுள்ள கண்ணாடியின்மேல் மோதவிட்டு, ஒட்டிய துகள்களை நுண்ணோக்கியால் எண்ணும் கருவியைச் செய்தார். தண்ணீர், நல்ல காற்றோட்டம், துகள் எண்ணிக்கை, எக்ஸ்ரே பரிசோதனை ஆகிய நான்கும் அக்கால ஆராய்ச்சியின் பலன்கள். பொன்னைக் கரைக்கும் வித்தையைவிட இவை மேலானவை என்றே நான் சொல்லுவேன்.

ஆயினும், அறிவு ஓரிடத்தில் பிறந்தால் மட்டும் போதாது. வேலை செய்பவனை அது எட்ட வேண்டும். கோலாரில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்து 1947-இல் வெளியான ஆராய்ச்சியில், நூற்றுக்கு நாற்பதுக்கும் அதிகமானவரிடம் இந்நோய் காணப்பட்டது. ராண்டின் கணக்கு வெளிவந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னர் கண்ட நிலை இது.

அங்கத்தினர்களே! கோலார்ச் சுரங்கம் மூடப்பட்டுவிட்டது, தூசி மூடப்படவில்லை. அம்பத்தூர்ப் பக்கத்து வார்ப்படச் சாலைகளில் அச்சு அமைக்கும் மணலும் அதே சிலிகாவே. ஜல்லி உடைக்கும் கிரஷரிலும், கருங்கல்லும் டைல்ஸும் அறுக்கும் மிஷினிலும் எழுவதும் அதுவே. ஆகையால் சில காரியங்களை நீங்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவது, கல்லையும் மணலையும் உலர்ந்த நிலையில் அறுக்கவோ பெருக்கவோ கூடாது. தண்ணீர் விட்டே செய்ய வேண்டும். இரண்டாவது, உடையில் படிந்த தூசியைக் காற்றுக் குழாயால் ஊதுவது மகா தவறு. வேலை உடையை வீட்டுக்குள் கொண்டுவந்து உதறினால் குழந்தைகளும் அதை சுவாசிப்பார்கள். மூன்றாவது, வாயில் கட்டும் துண்டு நுண்ணிய தூசியைத் தடுக்காது. அதற்கென்று தரம் குறித்த முகமூடியே வேண்டும். முகமூடி இருக்கிறதென்று தண்ணீரை நிறுத்திவிடவும் கூடாது. நான்காவது, நாள்பட்ட இருமலும் மூச்சுத் திணறலும் கண்டால், வைத்தியரிடம் செய்த தொழிலையும் அவசியம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெறும் க்ஷயமென்று மருந்து கொடுக்கப்பட்டு, மறுபடியும் அதே தூசிக்குத் திரும்ப நேரிடும்.

ஐந்தாவது காரியம் சங்கத்தைச் சேர்ந்தது. சிலிகோசிஸைச் சட்டம் தொழில் நோயாக ஏற்றிருக்கிறது. நஷ்டஈடு கேட்க உரிமையுண்டு. ஆனால் கான்ட்ராக்டர் மூலம் இங்கு ஆறு மாதமும் அங்கு ஒரு வருஷமும் வேலை செய்தவன், எந்த இடத்தில் எத்தனை நாள் தூசியில் நின்றான் என்பதை எவ்வாறு ருஜுப்படுத்துவான்? நோய் வெளிப்படப் பத்து, இருபது வருஷம்கூட ஆகலாம். அதற்குள் கான்ட்ராக்டரும் போய்விடுவார், கையிலிருந்த சீட்டும் தொலைந்துவிடும்.

கணக்கு எழுதுவது சங்கத்துக்குப் புதிதன்று. யார் எவ்வளவு கடன் வாங்கினார், எந்தத் தவணை செலுத்தினார் என்பதைப் பைசா விடாமல் எழுதுகிறோம். அதனோடு ஒரு நோட்டுப் புத்தகம் கூடுதலாக வைப்போம். அங்கத்தினர் வீட்டில் யார், எந்த வேலையில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார், ஈ.எஸ்.ஐ. எண் உண்டா, மார்பு எக்ஸ்ரே எப்பொழுது எடுக்கப்பட்டது என்பவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதில் எழுதிக் கையொப்பம் வாங்குவோம். செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைதான். ஒரு குடும்பத்தின் சம்பாத்தியம் அதனால் காப்பாற்றப்படலாம். அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக நிறைவேற்றும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.