கணக்குப் பார்த்துக் கொடுத்தல்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டுக்காகச் சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியை நலன்புரி நிதிக்கு ஒதுக்குவதென்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. அதை எப்படிக் கொடுப்பது என்பது பற்றிக் கதைக்கும்படி எமது வகுப்பினரைக் கேட்டார்கள். நாங்கள் 1990 இல் ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள், 1995 இல் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள். இந்த இரண்டு ஆண்டுகளையும் சொன்னாலே சபையில் உள்ளவர்களுக்கு மீதி விளங்கும்.

வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நோயைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்ப்பீர்கள். அதுவும் வரும். முதலில் ஸகாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சைவர்களும் கிறிஸ்தவர்களுமாக நிறைந்திருக்கும் இந்தச் சபையில் ஏன் அது என்று கேட்கலாம். எமது வகுப்பில் சோனகத் தெருவிலிருந்து வந்த தோழியர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இன்று எம்முடன் சேர்ந்து இந்த நிதிக்கு உழைக்கிறார். கொடுப்பது பற்றி நாங்கள் படித்ததில் பாதி அவரிடம் படித்தது.

தானமும் தருமமும் எமக்குப் புதியவையல்ல. செல்வச்சந்நிதியில் அன்னதானத்துக்கு இருந்து சாப்பிடாதவர்கள் இங்கே குறைவு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைக்கும் பிடியரிசிப் பழக்கம் எமது பேத்தியார் காலத்தில் இருந்தது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பதைக் கிறிஸ்தவத் தோழியர் வேதத்தில் வாசித்திருக்கிறார்கள். அதே கருத்து நபிமொழியிலும் உண்டு. ஆனால் எமது கொடையெல்லாம் மனம் இரங்குவதிலே தங்கியிருக்கிறது. இரங்கினால் கொடுப்போம். இரங்காத மாதத்தில் கொடுக்கமாட்டோம். ஸகாத் மனநிலையைப் பொறுத்ததல்ல, அது கணக்கு.

85 கிராம் தங்கத்தின் பெறுமதிக்கு, எமது பாஷையில் பத்தரைப் பவுணுக்குச் சற்றுக் கூட, ஒருவரிடம் சேமிப்பு இருந்து, அது ஒரு சந்திர வருடம் நிலைத்திருந்தால், அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு இரண்டரை, அவருடையதல்ல. அது வறியவருடைய பங்கு. அவரிடம் அது தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளியை அளவாக எடுத்தால் 595 கிராம். அப்படி எடுத்தால் இன்னும் பலர் கொடுக்க வேண்டியவர்களாகிவிடுவார்கள். வியாபாரச் சரக்குக்கும் கணக்கு உண்டு. விளைச்சலுக்கு வேறு கணக்கு: வானம் பார்த்த நெல்லுக்குப் பத்தில் ஒன்று, நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒன்று. கிணற்றில் இறைத்துப் பயிர் செய்த எமது தகப்பன்மார் இதைக் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். உழைப்பும் செலவும் கூடினால் கடமை குறைகிறது. வருமான வரிக்காரர் இவ்வளவு யோசித்ததாகத் தெரியவில்லை.

நகை பற்றித்தான் எல்லோரும் கேட்பீர்கள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபில், அணிவதற்காக அளவோடு வைத்திருக்கும் நகைக்கு ஸகாத் இல்லை. ஹனபி மத்ஹபில் உண்டு. தாலிக்கொடியைப் பற்றி யாரும் பயப்படத் தேவையில்லை.

கொடுக்கப்பட வேண்டியவர்களைக் குர்ஆன், அத்தவ்பா அத்தியாயத்தின் 60 ஆம் வசனத்தில், எட்டு வகையினராகச் சொல்கிறது. வறியவர், தேவையுள்ளவர் முதலில் வருகிறார்கள். அதைச் சேர்த்துப் பங்கிடும் பணியாளரும் பட்டியலில் இருக்கிறார்; சொந்தக் காசில் பஸ்ஸுக்குச் செலவழித்து வீடு வீடாகப் போகும் எமது பொருளாளர் இதைக் கவனிக்கவேண்டும். எம்மை நிறுத்தி யோசிக்க வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கடன்பட்டவர். மற்றவர் வழிப்போக்கர்.

வழிப்போக்கரை முதலில் சொல்கிறோம். ஊரில் வீடும் வளவும் கடையும் உள்ளவர், வழியில் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறார். அவரை 'நீ பணக்காரன்தானே' என்று தள்ளிவிடக்கூடாது. அந்த நேரத்தில் அவர் ஸகாத்துக்கு உரியவர். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி சொன்னார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து அந்த மாதத்தில் ஏறக்குறைய 75,000 பேர் போனார்கள். அந்த வருடம் ரமழான் சித்திரை மாதத்தில் முடிந்திருந்தது. அதில் சோனகத் தெருக் கடைக்காரர்கள், நகை வியாபாரிகள், தையற்காரர்கள் தங்கள் சரக்கைக் கணக்கிட்டு ஸகாத் கொடுத்திருப்பார்கள். அடுத்த ரமழான் 1991 பங்குனியில் வந்தபோது அவர்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருந்தார்கள். கொடுத்த கை பதினொரு மாதத்துக்குள் வாங்கும் கையாகிவிட்டது. புத்தளத்து மக்கள் தமது பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்டார்கள். அவர்களும் வசதியானவர்களல்ல.

எமது தோழியின் தகப்பனார் அந்த வருடம் நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நிற்க மறுத்துவிட்டாராம். பள்ளிவாசலில் இருந்த முதியவர் ஒருவர் வந்து, "நானா, இது தருமமில்லை, வழிப்போக்கருடைய பங்கு, உங்களுக்குரியதை நீங்கள் எடுக்கிறீர்கள்" என்று சொன்ன பிறகுதான் வாளியைக் கொடுத்து மகளை அனுப்பினாராம். வாளியோடு போன மகள்தான் எமக்கு இதைச் சொன்னவர்.

சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, 1995 இல், வலிகாமமே எழும்பிச் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்குப் போனது. மழை. நாங்கள் சாதாரணதரப் புத்தகங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு நடந்தோம். சாவகச்சேரியில் முன்பின் அறியாதவர்கள் விறாந்தையைத் தந்தார்கள். வீடும் கிணறும் பூட்டிய அலுமாரியும் வலிகாமத்தில் இருக்க, நாங்கள் ஒரு பானை சோற்றுக்குக் கையேந்தினோம். இந்தச் சபையில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் வழிப்போக்கர் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படுபவர் யாராவது இருப்பாரா?

இனிக் கடன்பட்டவர். இங்கேதான் நோய் வருகிறது.

போருக்குப் பிறகு பாதை திறந்ததும் குத்தகைக் கம்பனிகளும் நுண்கடன் கம்பனிகளும் வடக்குக்கு வந்தன. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவரைப் பிணையாக்கி, கிழமைக்குக் கிழமை அறவிட்டார்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். 2018 இல் அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை நீக்குவதாக அறிவிக்கவேண்டிய அளவுக்கு அது முற்றியது. பிறகு 2022. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம்.

கிளினிக்கில் நாங்கள் காண்பது இதுதான். நீரிழிவுள்ள தாய் ஒருவர் மாதாந்தம் வரவேண்டியவர், இரண்டு தடவை வரவில்லை. கேட்டால் காய்ச்சல் என்பார். மெல்லக் கதைத்தால் கிளினிக் நாளும் தவணைக்காரர் வரும் நாளும் ஒன்றாக இருக்கும். வீட்டில் இல்லாவிட்டால் தவணைக்காரர் குழுவிலுள்ள பக்கத்து வீட்டுக்காரியிடம் போய் இருப்பார். மருந்து இலவசம்தான். பஸ் காசும், வெளியில் எடுக்கும் பரிசோதனையின் காசும், கால் புண்ணுக்குக் கட்டும் துணியின் காசும் இலவசமில்லை. "மருந்து ஒழுங்காகப் போடுறீங்களோ அம்மா?" என்றால் "ஓம் டொக்டர்" என்பார். இரத்தத்தில் சீனி வேறு கதை சொல்லும். இவருக்கு ஐந்து கிலோ அரிசியும் பருப்பும் கொண்ட உலர் உணவுப் பொதி கொடுத்தால் ஒரு கிழமை போகும். தவணைக்காரர் அடுத்த கிழமையும் வருவார்.

2022 இல் எமது வகுப்பினர் கனடா, லண்டன், சிட்னியிலிருந்தெல்லாம் பணம் அனுப்பியபோது, பொதியா கடனா என்ற கேள்வி வந்தது. பொதிக்கு ஆதரவு கூட. கண்ணுக்குத் தெரியும், படம் எடுக்கலாம், அனுப்பியவர்களுக்குக் காட்டலாம். எமது தோழி ஒன்றுதான் சொன்னார்: "எங்கட கணக்கில கடன்பட்டவருக்குத் தனிப் பங்கு இருக்கு. அவரைப் பசிச்சவரோட சேர்த்து எண்ணுறேல்ல." அந்த ஒரு வசனத்தில் விவாதம் முடிந்தது. குடும்பங்களின் கடன் புத்தகங்களைப் பார்த்து, வட்டி கூடிய கடனை முதலில் முழுதாக அடைத்தோம். குடும்பங்களின் எண்ணிக்கை குறைந்தது. அடைத்த வீடுகளிலிருந்து கிளினிக்குக்குத் தவறாமல் வந்தார்கள்.

இதற்கும் பழைய ஆதாரம் இருக்கிறது என்று பிறகு அறிந்தோம். 13 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி, ஷாபி மத்ஹபின் பெரிய அறிஞர், தொழில் தெரிந்தவருக்கு அவருடைய தொழிற்கருவிகளை வாங்கும் அளவுக்கும், வியாபாரிக்கு அவரவர் வியாபாரத்துக்குத் தேவையான முதலளவுக்கும் ஸகாத்திலிருந்து கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார். நூறு ரூபாவை நூறு பேருக்குப் பங்கிடுவதைவிட ஒருவர் மறுபடி வரிசையில் நிற்காதபடி செய்வது. தையல் இயந்திரம், வலை, ஒரு சோடி ஆடு. இதனுடன் வட்டியில்லாக் கடனும் இருக்கிறது, கர்ழ் ஹஸன் என்பார்கள். வாங்கியவர் திருப்பித் தருவார், அது அடுத்தவருக்குப் போகும். தர இயலாமல் போனால் அவகாசம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லதாம்.

முஸ்லிம் சமூகத்தில் எல்லாம் இந்த ஒழுங்கில் நடக்கிறது என்று நாங்கள் சொல்லவரவில்லை. நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் கடை வாசலில் ஏழைகளை வரிசையில் நிறுத்திச் சில்லறை கொடுக்கும் வழக்கத்தை அவர்களுடைய உலமாக்களே கண்டிக்கிறார்கள். 2020 மே 21 ஆம் திகதி கொழும்பு மாளிகாவத்தையில் அப்படிப் பணம் கொடுத்த இடத்தில் நெரிசலில் சிக்கி மூன்று பெண்கள் இறந்தார்கள். கொடுத்தவர் கெட்டவரல்ல. வரிசைதான் கொன்றது. கூட்டாகச் சேர்த்து, ஊரை அறிந்த சிலர் வீடு தேடிப் போய்க் கொடுக்கும் பைத்துஸ் ஸகாத் முறை அதனால்தான் பல ஊர்களில் வந்தது.

இன்னொன்றையும் மறைக்கத் தேவையில்லை. ஸகாத் முஸ்லிம்களுக்கே கொடுக்கப்படவேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஸதகா என்னும் பொதுத் தருமம் யாருக்கும் போகலாம். ஆகவே எமது தோழி தன் ஸகாத்தைச் சோனகத் தெருவிலும் புத்தளத்திலும் கொடுக்கிறார், ஸதகாவை எமது நிதிக்குத் தருகிறார். இரண்டையும் கலப்பதில்லை. அவர் சொல்லாமலே விட்டிருக்கலாம். சொன்னதால் கணக்கு நேராக இருக்கிறது. சோனகத் தெருவுக்குத் திரும்பிவந்து இன்னும் கூரை சரியாகாத வீடுகளில் இருக்கும் குடும்பங்களும் எமது நிதியின் பட்டியலில் வரவேண்டும் என்பது எமது வகுப்பினரின் கோரிக்கை. அங்கே எமது பழைய மாணவிகளும் இருக்கிறார்கள். சங்கத்தின் முகவரிப் புத்தகத்தில் அவர்களுடைய முகவரிகள் 1990 உடன் நின்றுவிட்டன.

எமக்கு மிகவும் பிடித்தது பித்ரா. பெருநாள் தொழுகைக்கு முன், வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்காகவும், முதல் நாள் பிறந்த குழந்தைக்காகவும், ஏறக்குறைய இரண்டரைக் கிலோ அரிசி கொடுக்கவேண்டும். பணக்காரர் மட்டுமல்ல, அன்றைய பகலுக்கும் இரவுக்கும் தேவையானது போக மிச்சமிருப்பவர் எல்லோரும். அதனால் காலையில் பித்ரா வாங்கிய வீடே கொஞ்சத்தை அளந்து இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதும் நடக்கும். வாங்குபவர் என்று நிரந்தரமாக ஒருவர் இல்லை.

இனி வேலை. பின்னேரம் பொதுக்கூட்டத்துக்கு வரும் தீர்மானத்தில் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். உழைக்கும் பழைய மாணவி ஒவ்வொருவரும், தன் கல்லூரி நாளுக்கோ தைப்பொங்கலுக்கோ, தானே தெரிந்த ஒரு நாளில், வருடச் சேமிப்பைக் கணக்குப் பார்த்து ஒரு வீதத்தை நிதிக்குத் தருவது. எத்தனை வீதம் என்பதைச் சபை தீர்மானிக்கட்டும். நாங்கள் நாற்பதில் ஒன்றுக்கு ஆசைப்படுகிறோம், நூறில் ஒன்று கிடைத்தாலும் போதும். கடனுக்கென்று நிதியில் தனிப் பங்கு. மாணவிகளின் குடும்பங்களை மேடைக்கு அழைப்பதில்லை, படம் எடுப்பதில்லை, இந்த மலரின் அடுத்த பதிப்பிலும் போடுவதில்லை. பொருளாளரின் பஸ் காசு நிதியிலிருந்து.

படம் இல்லாவிட்டால் வெளிநாட்டிலுள்ளவர்கள் அனுப்பமாட்டார்கள் என்று ஒரு அக்கா காலையில் சொன்னார். அது வெறும் பயமல்ல. 2022 இல் எமது வகுப்பில் இரண்டு பேர் அதனாலேயே நிறுத்திவிட்டார்கள். மற்றவர்களுக்கு வருடத்தில் இரண்டு தடவை கணக்குத்தாள் போகிறது: எத்தனை குடும்பம், எவ்வளவு கடன் அடைந்தது, எவ்வளவு திரும்பி வந்தது. பெயர் இருக்காது. கணக்காய்வாளர் மட்டும் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பார்.

தீர்மானத்தின் பிரதிகள் மண்டப வாசல் மேசையில் இருக்கின்றன. தேநீருக்குப் பிறகு வாக்கெடுப்பு. எதிர்த்துப் பேச விரும்புபவர்கள் இப்போதே செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள், நேரம் ஒதுக்கித் தருவார்.