தடய அறிவியல்: யாருக்கு என்ன வேலை?

சினிமாவில் ஒரே ஆள் பிணத்தைப் பார்ப்பார், கைரேகை எடுப்பார், ரத்தத்தைச் சோதிப்பார், கடைசியில் குற்றவாளியையும் துரத்திப் பிடிப்பார். நிஜத்தில் அது பலருடைய வேலை. அவர்கள் எல்லோரும் ஒரே துறையைச் சேர்ந்தவர்களும் இல்லை.

திருட்டு நடந்த வீட்டில், பீரோ கதவின் மீது கறுப்புப் பொடியைப் பிரஷ்ஷால் மெல்லத் தடவி, தெரியும் ரேகையை ஒட்டும் நாடாவில் எடுக்கிறாரே, அவர் விரல்ரேகைப் பிரிவு உதவி ஆய்வாளர். இவர் போலீஸ்தான். அறிவியல் பட்டதாரிகளைத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இதற்கெனத் தேர்ந்தெடுக்கிறது.

சந்தேக மரணம் என்றால் பிரேதப் பரிசோதனை செய்பவர் அரசு டாக்டர். எம்.பி.பி.எஸ். முடித்து, சட்ட மருத்துவத்தில் எம்.டி.யும் படிக்கலாம். விஷமாக இருக்குமோ என்று தோன்றினால், இரைப்பை, கல்லீரல் பகுதிகளை உப்புக் கரைசலில் போட்டு, பாட்டிலுக்கு அரக்கு முத்திரையிட்டு அனுப்புவார்.

அது போய்ச் சேரும் இடம் தடய அறிவியல் துறை. 1849இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம்தான் இதன் வேர். இங்குள்ள விஞ்ஞானிகளுக்குக் காக்கிச் சட்டை கிடையாது. வேதியியல் படித்தவர் விஷத்தையும் போதைப்பொருளையும் பார்ப்பார். உயிரியல் படித்தவர் ரத்தத்தையும் டி.என்.ஏ.வையும், இயற்பியல் படித்தவருக்குத் துப்பாக்கியும் தோட்டாவும். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துணி, வயர் துண்டுகளை ஆராய்ந்து, குண்டு ஒரு பெண்ணின் இடுப்புப் பட்டையில் இருந்தது என்று காட்டியவர் இத்துறையின் இயக்குநராக இருந்த சந்திரசேகரன். இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போயாக வேண்டும். இதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. ஆகவே, ஆள் தேவை கூடும்.

ஆனால், பட்டம் மட்டும் போதாது. ரத்தம் தோய்ந்த துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுவிடும், நிழலில் உலர்த்திக் காகித உறையில்தான் இட வேண்டும். அந்தப் பொறுமை வேண்டும். குறுக்கு விசாரணையில் வக்கீல் எவ்வளவு மடக்கினாலும், சோதனையில் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லாத கட்டுப்பாடும் வேண்டும்.

தடயவியல் என்று பெயர் போட்ட படிப்பில் பணம் கட்டுவதற்கு முன், பழைய தேர்வு அறிவிக்கைகளை எடுத்து, எந்தப் பணிக்கு எந்தப் பட்டம் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதன் பிறகு கல்லூரியைத் தேடலாம்.