எலும்பு வளர டின் வேணுமா, நெத்தலி போதுமா?

(சிறுவர் நிலையத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



காலையில் பெரட்டுக்குப் போய், மலையேறி, கொழுந்து நிறுத்து, வீட்டு வேலையும் பார்த்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்ல வேணும். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே விறாந்தையில் ஒருவர் வந்து பேசினார். கையிலே அழகான டின். மேலே கடல் படம், சிப்பிப் படம். “இது கடல் உணவில் இருந்து எடுத்த பெப்டைட். இதைக் கலக்கிக் கொடுத்தால் பிள்ளையின் எலும்பு வளரும், உயரம் கூடும்” என்றார். அவரைப் பேச விட்டவன் நான்தான். படித்த ஆள் போல இருக்கிறாரே என்று நம்பி, என்ன ஏது என்று விசாரிக்காமல் விட்டுவிட்டேன்.

போன மாதம் லயத்துக்குப் போனபோது ஒரு வீட்டு அலுமாரியில் அந்த டின் இருந்தது. அந்த அம்மா சொன்னது இன்னும் என் காதிலே நிற்கிறது. “ஐயா, நீங்க கூட்டிட்டு வந்த ஆளுன்னுதான் நம்பி வாங்குனோம். மூணு நாள் சம்பளம் அதுக்கே போச்சு. கருவாடு வாங்குறத நிப்பாட்டித்தான் காச கட்டுறேன்.”

கடலில் இருந்து எடுத்த பொடியை வாங்குவதற்காக, கடலில் இருந்து வந்த கருவாட்டை நிற்பாட்டியிருக்கிறார். இதைச் சரி செய்யாமல் விட்டால் நான் நலன்புரி உத்தியோகத்தர் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்தக் கூட்டம்.

எலும்பு என்பது என்ன?

புது வீட்டுக்குக் கொங்கிரீட் தட்டுப் போடுவதைப் பார்த்திருப்பீங்க. முதலில் கம்பி கட்டுவாங்க. பிறகு சீமெந்துக் கலவையை ஊற்றுவாங்க. கம்பி இல்லாத சீமெந்து வெடித்துப் போகும். சீமெந்து இல்லாத கம்பி வளைந்து போகும். எலும்பும் அப்படித்தான். கொலாஜன் என்கிற புரதம் கம்பி. கல்சியமும் பொஸ்பரசும் சேர்ந்த உப்பு சீமெந்து. நம் உடம்பில் உள்ள கல்சியத்தில் 100க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. சாப்பாட்டில் உள்ள கல்சியம் உடம்பில் சேர விற்றமின் டி வேண்டும். அதை நமது தோல் வெயிலில் இருந்து செய்துகொள்கிறது.

ஆகவே புரதம், கல்சியம், வெயில் மூன்றும் வேணும். ஒன்று மட்டும் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க.

பெப்டைட் என்றால் என்ன?

புரதம் ஒரு நீளமான பாசிமாலை மாதிரி. அதை அறுத்தால் ஐந்து பாசி, பத்துப் பாசியாகச் சிறு துண்டுகள் கிடைக்கும். அந்தத் துண்டுக்குத்தான் பெப்டைட் என்று பெயர். நாங்கள் மீனோ பருப்போ சாப்பிட்டால், வயிற்றிலும் குடலிலும் உள்ள நொதியங்கள் அந்த மாலையை அறுத்துத் துண்டாக்கித்தான் உடம்புக்குள் அனுப்புகின்றன. உங்கள் வயிறு தினமும் செய்கிற வேலைதான் அது.

அந்த ஆள் சொன்னது முழுப் பொய்யா? இல்லை. கொரியா, சீனா, ஜப்பான் போன்ற நாடுகளில் மட்டி, சிப்பி, மீன் தோல், மீன் செதில் ஆகியவற்றின் புரதத்தை நொதியத்தால் உடைத்துப் பெப்டைட் எடுத்து ஆராய்கிறார்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த எலும்புக் கலங்களிலும், எலிகளிலும் சில பெப்டைட்டுகள் எலும்பு உண்டாகிற வேலையைத் தூண்டியிருக்கின்றன. நல்ல ஆராய்ச்சிதான். வருங்காலத்தில் எலும்பு தேய்ந்த வயசாளிகளுக்கு அதிலிருந்து மருந்தும் வரலாம். ஆனால் வளருகிற பிள்ளைக்கு அந்தப் பொடியைக் கொடுத்தால் உயரம் கூடும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. எலியில் கண்டதை டின்னில் அடைத்து, நம்முடைய மூன்று நாள் சம்பளத்துக்கு விற்றிருக்கிறார்கள்.

கடற்கரை ஆட்கள் என்ன சாப்பிட்டார்கள்?

என் சொந்த ஊர் அம்பாறை மாவட்டத்திலே வீரமுனை. சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் இருக்கிற ஊர். சுற்றிலும் வயல். பக்கத்திலே சம்மாந்துறை. காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனைக் கடற்கரை எல்லாம் சைக்கிளில் போகக்கூடிய தூரம். கடல் அமைதியான மாதங்களில் அங்கே கரைவலை இழுப்பார்கள். வலையில் பெரிய மீன் வந்தால் சந்தைக்குப் போகும். நெத்தலி, சூடை, கீரி மாதிரிச் சின்ன மீன் மலிவாகக் கிடைக்கும். மிஞ்சினது மணலிலே காய்ந்து கருவாடாகும். மீன்கார காக்கா சைக்கிள் பெட்டியோடு எங்கள் ஒழுங்கைக்கு வந்தால், அம்மம்மா பாரை மீனைப் பார்க்கவே மாட்டா. சின்ன மீனைத்தான் வாங்குவா. நான் அதை ஏழைகளின் மீன் என்று நினைத்திருந்தேன். அதிலேதான் விஷயம் இருக்கிறது என்று பிறகுதான் விளங்கியது.

பெரிய மீனைச் சாப்பிடும்போது சதையைத் தின்று முள்ளை எறிகிறோம். கல்சியம் முள்ளோடு குப்பைக்குப் போகிறது. நெத்தலியை முள்ளோடு சாப்பிடுகிறோம். கம்பியும் சீமெந்தும் ஒன்றாக வயிற்றுக்குள் போகிறது. பாலில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 120 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. முள்ளோடு காய்ந்த நெத்தலியில் அதைப் போலப் பல மடங்கு இருக்கிறது. ஒரு பிடி நெத்தலி போதும் என்று சொல்வது அதனால்தான்.

“முள்ளில் உள்ள கல்சியம் உடம்பில் சேருமா ஐயா?” என்று கேட்பீங்க. சேரும். 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முள்ளோடு சாப்பிட்ட சின்ன மீனின் கல்சியம், பாலின் கல்சியம் அளவுக்கே மனித உடம்பில் சேர்ந்தது. அந்த ஆய்வில் பங்குகொண்ட ஒருவர் சகுந்தலா தில்ஸ்டெட் என்ற அம்மையார். அவரைப் பற்றி நீங்கள் கட்டாயம் அறிய வேணும். அவர் டிரினிடாட் தீவிலே பிறந்தவர். நம்முடைய முன்னோரைக் கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கொண்டுவந்த அதே காலத்தில், இந்தியாவில் இருந்து டிரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கும் ஆட்களைக் கொண்டுபோனார்கள். அந்த இந்திய வம்சாவளியில் வந்தவர் அவர். பங்களாதேசத்து ஏழைத் தாய்மாருக்குச் சின்ன மீனை முழுசாகச் சாப்பிடச் சொல்லிக் கொடுத்தார். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மீன் சட்னி செய்து கொடுக்கிற வேலையும் நடந்தது. அதற்காக 2021இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நமக்கு ஏன் இது முக்கியம்?

2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார ஆய்வைப் பாருங்க. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டப் பகுதியில் 100க்கு 32 பேர். மூன்றில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்க. “நம்ம ஆளுங்க குட்டைதானே” என்று சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. பரம்பரையைவிடச் சாப்பாடும், தண்ணியும், தாயின் உடல்நிலையும்தான் இதிலே பெரிய காரணம். கர்ப்பம் தரித்த நாள் முதல் பிள்ளைக்கு இரண்டு வயசு ஆகும் வரை உள்ள ஆயிரம் நாள்தான் மிக முக்கியம். அடிக்கடி வயிற்றோட்டம் வந்தால், பூச்சி இருந்தால், எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்டாது. நெத்தலியால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அந்த டின்காரருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

2022 நெருக்கடியில் பால்மா விலை ஏறியபோது எத்தனையோ வீட்டில் பால்மா வாங்குவது நின்றுபோனது. அப்படி நின்ற வீட்டுக்குத்தான் இந்தச் சின்ன மீன் முக்கியமாக வேணும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. கருவாடு வாங்கும் காசில் கட்டாக் கருவாட்டைக் கொஞ்சம் குறைத்து, நெத்தலியும் கூனியும் வாங்குங்க. முள்ளோடும் ஓட்டோடும் சாப்பிடக்கூடியதே வேணும். கூனி, இறால் சாப்பிட்டால் உடம்பு தடிக்கிற பிள்ளைக்குக் கூனி வேண்டாம்.

2. கருவாட்டிலே உப்பு அதிகம். சுடுதண்ணியில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, இரண்டு மூன்று தரம் அலசுங்க. பிறகு கறிக்கு உப்புப் போடாதீங்க. பிரஷர் உள்ளவர்கள் அளவாகச் சாப்பிட வேணும்.

3. அலசின நெத்தலியின் தலையைக் கிள்ளி, நன்றாகக் காயவைத்து, எண்ணெய் இல்லாமல் வறுத்து, இடித்துச் சலித்து ஒரு போத்தலில் வைத்துக்கொள்ளுங்க. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் குழைத்த சோற்றிலும் பருப்பிலும் இதைச் சிறிது கலக்கலாம். எவ்வளவு என்று மிட்வைஃப் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்க. பெரிய பிள்ளைக்கு ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பல் அரைக்கும்போது ஒரு கரண்டி சேர்த்தால் போதும்.

4. விரத நாளிலும், மீன் சாப்பிடாத வீட்டிலும் குரக்கன் ரொட்டி, அகத்திக் கீரை, முருங்கைக் கீரை, எள்ளு ஆகியவை உதவும்.

5. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்காதீங்க. சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தைத் தேயிலைச் சாயம் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம்.

6. பனி இல்லாத நேரத்தில் பிள்ளைகளை வெளியே விளையாட விடுங்க. வெயிலும் ஓட்டமும் எலும்புக்கு நல்லது.

7. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் தருகிற கல்சியம், இரும்புக் குளிசைகளையும் திரிபோஷவையும் விடாதீங்க. திரிபோஷ தாய்க்கு என்று தந்தால் தாய்தான் சாப்பிட வேணும். வீடு முழுக்கப் பங்கு போடக் கூடாது.

8. ஒவ்வொரு மாதமும் பிள்ளையை நிறுக்கக் கொண்டுவாருங்க. வளர்ச்சிப் புத்தகத்தில் கோடு கீழே இறங்கினால் கடைக்குப் போகாமல் கிளினிக்குக்கு வாருங்க.

கடைசியாக ஒரு விஷயம். அந்த டின்னை வாங்கியவர்கள் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. பிள்ளை வளர வேணும் என்ற ஆசையில் வாங்கினீங்க. பிழை என்னுடையது. இன்னும் தவணைக் காசு கட்டிக்கொண்டிருப்பவர்கள் துண்டோடு என்னிடம் வாருங்க. அந்த ஆளிடம் நானே பேசுகிறேன். இனிமேல் யார் எந்தப் பொருளைக் கொண்டுவந்தாலும், வைத்தியரும் மிட்வைஃப் அம்மாவும் பார்த்துச் சம்மதம் சொல்லாமல் இந்த விறாந்தையில் விற்க விடமாட்டேன்.

நான் மேலே சொன்ன அந்த அம்மாவிடம் இதையெல்லாம் போன வாரமே சொன்னேன். அவர் கேட்டார், “அப்ப பழையபடி நெத்தலி வாங்கலாமா ஐயா?”

வாங்குங்க அம்மா. இன்றைக்கே வாங்குங்க.