ஒற்றைக் குறி செய்யும் வேலை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் மொழிகளில் மூத்தவற்றுள் ஒன்றான லிஸ்ப் பற்றி, அதிலும் அதன் சின்னச் சின்னக் குறிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். 1958-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி தொடங்கிவைத்த மொழி இது. அதன் அடைப்புக்குறிகளைப் பார்த்தே பல பேர் ஓடிவிடுவார்கள். பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது அடைப்புக்கு முன்னால் நிற்கும் குறியைத்தான்.

(+ 2 3) என்று கொடுத்தால் 5 என்று விடை வரும். '(+ 2 3) என்று கொடுத்துப் பாருங்கள், கூட்டவே கூட்டாது. மூன்று உறுப்புகள் கொண்ட பட்டியலாக அப்படியே திருப்பித் தரும். "ஓடு என்பது வினைச்சொல்" என்று தமிழ் ஐயா சொன்னால் வகுப்பில் யாராவது எழுந்து ஓடுகிறோமா? சொல் வேறு, செயல் வேறு. அந்த வேறுபாட்டைக் காட்டுவதுதான் இந்த ஒற்றை மேற்கோள் குறி.

லிஸ்ப்பில் + என்பதும் ஒரு பெயர்தான், சிம்பல் என்பார்கள். சொற்களைப் பிரிக்க இடைவெளி இருப்பதால் மொத்த-விலை என்று நடுவில் கோடு போட்டும் பெயர் வைக்கலாம். காமன் லிஸ்ப்பில் 1+ என்ற பெயரிலேயே ஒரு ஃபங்ஷன் உண்டு. (1+ 5) என்றால் 6.

அடுத்தது சாய்ந்த மேற்கோள். இது பேங்க் சலான் மாதிரி. அச்சடித்தது அப்படியே இருக்கும், காலியிடத்தை மட்டும் நிரப்புவோம். `(2 ,(+ 1 2) 4) என்றால் (2 3 4) கிடைக்கும். காற்புள்ளி போட்ட இடத்தில் மட்டும் கணக்கு நடக்கிறது. புரோகிராமே புரோகிராம் எழுதும் மேக்ரோக்களுக்கு இதுதான் அடிப்படை. ஆனால் 2007-இல் வந்த குளோஜரில் காற்புள்ளி வெறும் இடைவெளிக்குச் சமம்; அங்கே இந்த வேலையை ~ செய்கிறது.

மாணவர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. காமன் லிஸ்ப்பில் #. என்ற குறி வந்தால், அடுத்து வருவதை வாசிக்கும்போதே செய்து முடித்துவிடும். முன்னால் மேற்கோள் போட்டும் தடுக்க முடியாது. மேற்கோளின் முறை வருவது வாசித்து முடித்த பிறகுதான். யாரோ அனுப்பிய ஃபைலை வெறும் தகவல்தானே என்று வாசிக்கக் கொடுத்தால், உள்ளே ஒளிந்திருக்கும் அழிவுக் கட்டளையும் நடந்துவிடும். அதனால்தான் *ரீட்-ஈவல்* என்ற சுவிட்சை வைத்திருக்கிறார்கள். வெளியாள் ஃபைல் என்றால் முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

எந்த மொழியில் வேலை பார்த்தாலும் சரி, கைக்கு வந்தது தகவலா, கட்டளையா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். இன்று கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதித் தருகிறது. அதைப் படித்துப் பார்த்துப் பொறுப்பேற்க வேண்டியவர் நீங்கள்தான்.